சல்லடையும் சின்ன மாப்பிள்ளையின் கறுப்புப் பொடியும்

ஆய்வுக்கூடத்தில் அவளுக்குச் சல்லடை என்று பெயர். வைத்தது யார் என்று இன்றுவரை தெரியாது. தெரிந்தால் அவள் சும்மா விடமாட்டாள் என்பதால் வைத்தவர் வாயைத் திறக்கவில்லை. ஆனால் பொருத்தமான பெயர்தான். எதைக் கொடுத்தாலும் சலித்துப் பார்க்காமல் கையில் வாங்கமாட்டாள். பால் வாங்கினால் பாக்கெட்டில் தேதியைப் பார்ப்பாள். பார்த்தபின் அந்தத் தேதியை அச்சடித்தவனை நம்பலாமா என்று யோசிப்பாள். வீட்டைப் பூட்டிக்கொண்டு தெருமுனைவரை போய்விட்டுத் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். வெளியே மழை என்று யாராவது சொன்னால் ஜன்னல் வழியாகக் கையை நீட்டித்தான் நம்புவாள். டப்பா, பாட்டில் எதுவானாலும் அவள் மூடினால் மூடியதுதான். சர்க்கரை டப்பாவைத் திறக்க அவள் வீட்டுக்காரர் துணியைச் சுற்றிக்கொண்டு மல்லுக்கட்ட வேண்டும்.

வீட்டுக்காரர் மின்தூக்கி பழுது பார்க்கிறவர். நல்ல பொறுமைசாலி, இல்லாவிட்டால் இந்தக் குடும்பம் ஓடியிருக்காது. “நான் சரி பண்ணின லிஃப்ட்ல ஊரே ஏறிப் போகுது, இவ மட்டும் படியேறி வருவா” என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பார். அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். அடுத்த முறையும் படியேறித்தான் போவாள்.

சின்ன வயதில் யாரோ ஏமாற்றியிருப்பார்கள், அதனால்தான் இப்படி என்று நினைக்கத் தோன்றும். அப்படி ஒரு கதையும் கிடையாது, பிறவிக் குணம். அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போய்விட, தங்கையைப் பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பாக இருந்தது. தங்கைக்குக் காய்ச்சல் மாத்திரை கொடுத்தால் வாயைத் திறக்கச் சொல்லி நாக்குக்கு அடியிலும் பார்த்துவிட்டுத்தான் விடுவாள். அந்தத் தங்கை என்றால் அவளுக்கு உயிர். தங்கைக்கு வரன் வந்தபோது, மாப்பிள்ளை குடியிருந்த தெருவுக்குத் தனியாகப் போய் மருந்துக்கடை, சலவைக்கடை, முடிவெட்டும் கடை என்று ஒன்று விடாமல் விசாரித்தாள். எல்லாரும் தங்கமான மனிதர் என்றார்கள். ஒரு குறைகூட இல்லாமல் ஒருவன் எப்படி இருப்பான் என்று அதுவே அவளுக்கு நெருடியது. இருந்தாலும் கல்யாணம் நடந்தது.

அந்தச் சின்ன மாப்பிள்ளையும் வேதியியல் படித்தவர்தான். அவர் வேலை பார்த்த சாய ஆலையை இழுத்து மூடிவிட்டபோது, தங்கை ஒரு வார்த்தை கேட்கும் முன்பே அக்கா தன் இயக்குநரிடம் போய் நின்றாள். அதுவரை அவள் யாருக்கும் சிபாரிசு செய்ததில்லை. எனக்குத் தெரிந்தவர், நம்பலாம் என்று அவள் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, உடனே வரச் சொல்லுங்கள் என்றார். அவள் மூலமாக வந்தவர் என்பதால் ஆய்வுக்கூடத்திலும் அவருக்குச் சின்ன மாப்பிள்ளை என்றே பெயர் நிலைத்துவிட்டது.

அந்த ஆய்வுக்கூடம் ஒரு மருந்து நிறுவனத்தின் பின்கட்டிடத்தில் இருந்தது. மருந்துக்கான மூலப்பொருள்களை மண்ணையும் தண்ணீரையும் கெடுக்காமல் எப்படிச் செய்வது என்று கண்டுபிடிப்பதுதான் அங்கே வேலை. முன்பெல்லாம் இரண்டு பொருள்களை ஒன்றாக இணைக்க வேண்டுமானால், மூக்கைத் துளைக்கும் கரைப்பானில் போட்டுச் சூடான எண்ணெய்த் தொட்டியில் பொழுதுக்கும் வேகவைக்க வேண்டும். இணைத்து வைக்கும் வினையூக்கியைக் கடைசியில் வடிகட்டித் தூக்கி எறிய வேண்டும். இப்போது கரைப்பானுக்குப் பதில் தண்ணீர். எண்ணெய்த் தொட்டிக்குப் பதில் மைக்ரோவேவ் எந்திரம். சமையலறையில் இருக்கும் மைக்ரோவேவின் படித்த அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம். பொழுதுக்கும் வெந்தது, ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் முடிந்துவிடும்.

வினையூக்கிதான் சின்ன மாப்பிள்ளையின் சொத்து. பார்வைக்கு அது வெறும் கறுப்புப் பொடி. கண்ணுக்கே தெரியாத அளவு நுண்ணிய இரும்பு ஆக்சைடு துகள்கள். அவற்றின் மேல் பல்லேடியம் என்ற உலோகம் பொட்டுப் பொட்டாக ஒட்டியிருக்கும். இணைக்கிற வேலையைச் செய்வது பல்லேடியம். இரும்பு அதைச் சுமக்கிற வண்டி, அவ்வளவுதான். ஆனால் அந்த வண்டிக்குக் காந்தத்தைக் கண்டால் போதும், ஓடிப்போய் ஒட்டிக்கொள்ளும். வினை முடிந்ததும் கண்ணாடிக் குழாயின் வெளிப்பக்கம் ஒரு காந்தத்தை வைத்தால் கறுப்பு அத்தனையும் சுவரோரம் ஒதுங்கி, தண்ணீர் தெளிந்துவிடும். தெளிந்ததை ஊற்றிக்கொண்டு பொடியைக் கழுவி மறுபடி அடுத்த வினைக்குப் போடலாம். வடிகட்டவும் வேண்டாம், தூக்கி எறியவும் வேண்டாம். அவர் அதைச் செய்து காட்டும்போது பக்கத்து அறைக்காரர்கள்கூட வந்து நின்று பார்ப்பார்கள்.

சல்லடைக்கு வேலை, மற்றவர்களின் முடிவுகளைச் சரிபார்ப்பது. அவள் தன் கையால் ஒருமுறை திரும்பச் செய்து பார்க்காமல் எந்த முடிவும் அந்தக் கட்டிடத்தை விட்டு வெளியே போகாது. ஆள் பார்த்துச் சலிக்கமாட்டாள் என்பதற்காகவே அவளுக்கு ஒரு மரியாதை இருந்தது. அவள் போட்ட சட்டங்களும் அங்கே உண்டு. முன்பு ஆளாளுக்குத் தனித்தனிச் சாமான் வைத்திருந்தார்கள். சொந்தச் சாமான் வைத்திருப்பவர் அதில் எதையாவது ஒளித்தும் வைக்கலாம் என்று அவள் அதை ஒழித்தாள். கரண்டி, இடுக்கி, குழாய்க்குள் கிடந்து சுழலும் கிளறுகுச்சி எல்லாம் பொதுப் பெட்டிக்குப் போயின. கிளறுகுச்சி என்பது அரிசியைவிடச் சற்றே பருத்த காந்தத் துண்டு, மேலே வழவழப்பான வெள்ளைப் பூச்சு. அதைப் பெட்டியிலிருந்து கைக்கு அகப்பட்டதை எடுக்க வேண்டுமே தவிரப் பொறுக்கி எடுக்கக் கூடாது. இயக்குநர் தன் பங்குக்கு இன்னொரு சட்டம் போட்டார். சாமான்களை அமிலத்தில் ஊறவைத்துக் கழுவும் பழைய வழக்கத்தை நிறுத்தி, சோப்பும் தண்ணீரும் போதும் என்றார். சுத்தமான வழியில் மருந்து செய்கிற இடத்தில் அமிலத் தொட்டி இருந்தால் பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள் என்பது அவர் கவலை.

சின்ன மாப்பிள்ளையின் முடிவுகள் வர ஆரம்பித்தபோது முதலில் அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. தங்கையிடம் தொலைபேசியில் சொல்லவும் செய்தாள். அப்புறம்தான் மூக்கில் வியர்த்தது. ஒரே பொடியைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வலு குறைய வேண்டும். குழாயில் ஒட்டிக்கொள்வது கொஞ்சம், கழுவும்போது போவது கொஞ்சம், உலோகம் கழன்றுபோவது கொஞ்சம். இவர் பொடியோ நேற்றுப் பிறந்தது போலவே வேலை செய்தது. ஒருமுறை முந்தியதைவிட அதிகமாகவே விளைந்தது. இயக்குநர் பூரித்துப் போய் வெளியிடங்களுக்குச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். சல்லடை மட்டும் மெல்லவும் முழுங்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்தாள்.

ஒருவரைச் சந்தேகப்பட்டுவிட்டால் அவர் தும்மினாலும் அது ஏதோ சைகையாகத்தான் தெரியும். எல்லாருக்கும் முன்னால் அவர் வருவது ஏன்? அவர் மேசையில் ஓர் இழுப்பறைக்குப் பூட்டு எதற்கு? சட்டைப் பையில் ஒரு சின்ன பாட்டிலை வைத்துக்கொண்டு, யாரும் பார்க்காதபோது சுவர்ப்பக்கம் திரும்பி என்ன செய்கிறார்? கேள்வி கேட்டால் ஏன் இவ்வளவு சீக்கிரம் பதில் வருகிறது? வலு குறையாத பொடி என்று உலகத்தில் கிடையாது. ஆகவே யாருக்கும் தெரியாமல் புதுப் பொடியைச் சேர்த்துக்கொண்டே இருக்கிறார் என்று அவள் முடிவு கட்டினாள். இதில் பொறாமை இருக்கிறதா என்று தன்னையும் ஒருமுறை சலித்துப் பார்த்தாள். கொஞ்சம் இருந்தது. அவள் பெயரில் இருந்த எண்ணெய்த் தொட்டி முறையைத்தான் இவர் முறை மூலைக்குத் தள்ளியிருந்தது. ஆனாலும் பொறாமை இருப்பதால் மட்டும் திருட்டு இல்லையென்று ஆகிவிடாதே என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

வீட்டுக்காரரிடம் சொன்னாள். அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, அவள் தங்கையின் புருஷனாயிற்றே, நேரில் கேட்டுவிட வேண்டியதுதானே என்றார். கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவாரா என்று அவள் திருப்பிக் கேட்டாள். அவர் மறுபடி சாப்பிட ஆரம்பித்தார்.

அவள் கேட்கவில்லை. பொறி வைத்தாள். சாமான் அறையில் பல்லேடியம் ஏற்றாத வெறும் இரும்புப் பொடியும் இருந்தது. அதுவும் கறுப்பு, அதையும் காந்தம் இழுக்கும், ஆனால் எதையும் இணைக்காது. பாரம் ஏற்றாத வெறும் வண்டி. எல்லாரும் சாப்பிடப் போயிருந்தபோது அவர் பொடி பாட்டிலில் இருந்ததை எடுத்துவிட்டு அதே எடைக்கு வெறும் பொடியைப் போட்டு மூடி வைத்தாள். இனி அவர் செய்யும் வினையில் எதுவுமே விளையக் கூடாது. விளைந்தால், வேறு எங்கிருந்தோ எடுத்துப் போடுகிறார் என்றுதானே அர்த்தம்.

விளைந்தது. விளைபொருள் இருக்கிறதா என்று பார்க்க, கலவையில் ஒரு சொட்டு எடுத்துத் தகட்டில் வைத்துப் புறஊதா விளக்கின் கீழே காட்டுவார்கள். இருந்தால் கரும்புள்ளி தெரியும். அன்றைக்கு அவர் தகட்டில் புள்ளி நன்றாகவே தெரிந்தது. அதை அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். முகத்தில் ஈயாடவில்லை. கையும் களவுமாகப் பிடித்தாயிற்று என்று சல்லடை நினைத்தாள். சந்தோஷமாக இருக்க வேண்டிய நேரத்தில், தங்கையின் முகம்தான் வந்து நின்றது. இயக்குநரின் அறைக்குப் போகாமல் இரண்டு தடவை பாதி வழியில் திரும்பினாள். மூன்றாம் தடவை போய்விட்டாள்.

அங்கேதான் அவள் ஒரு காரியம் செய்தாள். சின்ன மாப்பிள்ளையின் பாட்டிலில் இருப்பது பல்லேடியம் இல்லாத வெறும் பொடி, சோதித்துப் பாருங்கள், ஆனாலும் விளைச்சல் காட்டுகிறார் என்று சொன்னாள். அதைப் போட்டது யார் என்பதைச் சொல்லவில்லை. திருடன் எப்படியும் திருடன், எந்தக் கதவு வழியாகப் பிடித்தால் என்ன என்று தோன்றிவிட்டது. வாழ்நாள் முழுக்க அடுத்தவர் வார்த்தையைச் சலித்தவள், தன் வார்த்தையில் பாதியை விழுங்கியது அன்றைக்குத்தான்.

இயக்குநர் இருவரையும் மேசைப் பக்கம் வரச் சொன்னார். இழுப்பறையைத் திறக்கச் சொன்னார். உள்ளே ஒரு ஜோடி காலுறை, குறுக்கெழுத்துப் புத்தகம், ரப்பர் பேண்ட் போட்டுச் சுருட்டிய பாதி பிஸ்கட் பாக்கெட். சட்டைப் பையிலிருந்த பாட்டிலையும் எடுத்து வைக்கச் சொன்னார். கண்ணுக்கு விடுகிற சொட்டு மருந்து. கண்ணில் அழுத்தம் அதிகமாக இருக்கிறதாம், வீட்டில் பயப்படுவார்கள் என்று சொல்லவில்லையாம். அந்த பிஸ்கட் பாக்கெட்டைப் பார்த்ததும் சல்லடை பார்வையைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் பொடி பாட்டில் மேசைமேல் நின்றது; சோதனைக்குக் கொஞ்சம் எடுத்துக் கொடுத்துவிட்டு அதை மூடியவள் அவள்தான். இயக்குநர் அதைத் திறந்து காட்டச் சொன்னார். சின்ன மாப்பிள்ளை திருகினார், மூடி அசையவில்லை. மேசைத் துணியைச் சுற்றிக்கொண்டு திருகியபோது அவர் தலையை நிமிர்த்தி அவளை ஒருமுறை பார்த்தார். பிறகு திறந்து வைத்தார்.

இது வெறும் பொடி என்று சோதனையில் வந்திருக்கிறது, என்ன சொல்கிறீர்கள் என்று இயக்குநர் கேட்டார்.

“எனக்குச் சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல சார்” என்றார் அவர்.

மறுநாளிலிருந்து வர வேண்டாம், வாரக் கடைசியில் நிர்வாகக் குழு கூடி முடிவு செய்யும் என்று இயக்குநர் சொல்லிவிட்டார். முடிவு என்ன என்பது எல்லாருக்கும் தெரியும். இந்தக் கறையோடு வெளியே போனால் எந்த ஆய்வுக்கூடமும் அவரை வாசலுக்குள் விடாது. அன்று மாலை தங்கை தொலைபேசியில் அழைத்தாள். அழவில்லை, சத்தம் போடவில்லை. “அவரைப் பத்திச் சந்தேகம்னா நீ என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல அக்கா” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அதற்கப்புறம் சல்லடை எத்தனை முறை அழைத்தாலும் எடுக்கவில்லை.

குழுவுக்குக் கொடுக்க அவளிடம் அறிக்கை கேட்டிருந்தார்கள். அவள் செய்கிற வேலை அரைகுறையாக இருக்காது. பொடியே போடாமல் ஒரு வினை செய்து, எதுவும் விளையவில்லை என்று காட்டினால்தான் அறிக்கை முழுமையாகும். உப்புச் சப்பில்லாத வேலைதான். கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டு எல்லாவற்றையும் தன் கையால் அளந்து போட்டாள். தண்ணீர், இணைய வேண்டிய இரண்டு பொருள்கள், ஒரு கிளறுகுச்சி. கறுப்புப் பொடி ஒரு துளிகூட இல்லை. மைக்ரோவேவ் வேலையை முடித்துவிட்டுக் கூவியது. தகட்டை விளக்கின் கீழே வைத்தாள்.

புள்ளி இருந்தது.

தன் கண்ணை நம்பாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் பார்த்தாள். முதலில் யாரோ உள்ளே வந்திருக்கிறார்கள் என்று நினைத்து ஜன்னல் கொக்கியைப் பார்த்தாள். சாத்தியிருந்தது. குழாயில் பழைய கறை இருக்கும் என்று பிரிக்காத புதுக் குழாய் எடுத்து மறுபடி செய்தாள். மறுபடியும் புள்ளி. தண்ணீரை மாற்றினாள். புதிய புட்டிகளிலிருந்து பொருள்களை எடுத்தாள். புள்ளி போகவில்லை. அறையில் அவளைத் தவிர ஆள் இல்லை. சந்தேகப்பட மிச்சம் இருந்தது அவள் ஒருத்திதான். கைகளை விரித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று நிஜமாகவே பயமாக இருந்தது.

கைகளைப் பார்த்ததில்தான் விஷயம் பிடிபட்டது. வெள்ளைக் கையுறையின் விரல் நுனியில் மை தொட்டது போல மெல்லிய கறுப்பு. அவள் தொட்டதெல்லாம் புதுசு, ஒன்றைத் தவிர. பொதுப் பெட்டியைத் திறந்தாள். கிளறுகுச்சிகள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு கொத்தாகக் கிடந்தன. வருஷக்கணக்காகச் சுழன்று சுழன்று வெள்ளைப் பூச்சில் கீறல் விழுந்து, ஒவ்வொன்றும் சாம்பல் பூத்திருந்தது. பழைய சாமான் அப்படித்தான் இருக்கும் என்று யாரும் கவனிக்கவில்லை, அவளும்தான். ஒன்றைக் கையுறையில் அழுத்தித் தேய்த்தாள். கறுப்பாக இழுத்தது.

பிறகு பிரிக்காத உறையிலிருந்து புத்தம்புதுக் கிளறுகுச்சி ஒன்றைப் போட்டுச் செய்தாள். புள்ளி இல்லை. தகடு துடைத்து விட்டது போல இருந்தது. பழைய குச்சி ஒன்றை, மூலையில் தூசி படிந்து கிடந்த அமிலப் புட்டியிலிருந்து கொஞ்சம் ஊற்றி அதில் போட்டு வைத்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஒட்டியிருந்த இரும்பு கரைந்து நிறமில்லாத அமிலம் மஞ்சளாகத் தொடங்கியது. அவள் முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

காந்தத்தைக் கண்டால் ஓடிப்போய் ஒட்டிக்கொள்வது அந்தப் பொடியின் குணம். வெளியே பிடித்த காந்தத்தில் ஒட்டிய பொடி, உள்ளே சுழன்ற காந்தத்தில் மட்டும் ஒட்டாமல் இருக்குமா? சோப்புத் தண்ணீர் அதைக் கீறல்களுக்குள்ளிருந்து எடுக்கவில்லை. எடுத்திருக்கக்கூடிய அமிலத் தொட்டியை இயக்குநர் மூடிவிட்டார். அப்படி ஒட்டிய குச்சிகளை அவள் சட்டப்படி எல்லாரும் பொதுப் பெட்டியில் போட்டார்கள்; அவள் சட்டப்படியே கைக்கு அகப்பட்டதை எடுத்தார்கள். ஆக, சின்ன மாப்பிள்ளை ஒவ்வொரு முறை பொடியைத் திரும்பப் பயன்படுத்தும்போதும் கூடவே கொஞ்சம் பல்லேடியம் தானாகச் சேர்ந்துகொண்டிருந்தது. அவருக்கும் தெரியாமல். சேர்த்துக்கொண்டிருந்தது அவளுடைய பெட்டி. ஒருத்தரும் எதையும் ஒளித்து வைக்கக் கூடாது என்று அவள் வைத்த பெட்டி.

நேராகத் தங்கை வீட்டுக்குப் போனாள். தங்கை சங்கிலியைக் கழற்றாமல் கதவை ஒரு சாண் திறந்து பார்த்தாள். அப்புறம் உள்ளே விட்டாள். சின்ன மாப்பிள்ளை சாப்பாட்டு மேசையில் குறுக்கெழுத்து போட்டுக்கொண்டிருந்தார். சல்லடை நின்றுகொண்டே கிளறுகுச்சிகளைப் பற்றிச் சொன்னாள். பெட்டி தன்னுடையது என்பதையும் சொன்னாள். வெறும் பொடியைப் பற்றிச் சொல்ல வந்தபோது தங்கை முகத்தைப் பார்த்தாள், நாக்கு எழவில்லை. தங்கை, அப்படியானால் இவர் மேல் தப்பில்லைதானே என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். தப்பில்லை என்று அவளும் திரும்பத் திரும்பச் சொன்னாள். ஆனால் பாட்டிலில் வெறும் பொடி எப்படி வந்தது என்று தங்கை கேட்டபோது, சின்ன மாப்பிள்ளை எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார். அக்காவை பஸ் ஏற்றிவிட்டு வருகிறேன் என்றார்.

அவளோடு படியிறங்கினார். கீழே சைக்கிள்கள் நிறுத்தும் இடத்தில் நின்றார்.

“பொடியை மாத்தினது நீங்கதான்னு அன்னிக்கே தெரியும்க்கா. மூடியை அப்படி இறுக்கறதுக்கு இந்த ஊர்ல வேற ஆள் இல்ல.”

அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

“ஜன்னல் பக்கம் வச்சுப் பார்த்தேன், லேசாப் பழுப்பு அடிச்சுது, வெறும் பொடின்னு தெரிஞ்சுபோச்சு. சரி, சோதிக்கறாங்க, ஒண்ணும் வராது, வந்து கேப்பாங்க, அப்ப பேசிக்கலாம்னுதான் ஓட்டினேன். ஆனா புள்ளி வந்துடுச்சு. அப்பதான் பயந்து போயிட்டேன். என்னை வெளிய தள்றதுக்கு நீங்களே குழாய்க்குள்ள விளைபொருளையும் போட்டு வச்சிட்டீங்கன்னு நினைச்சேன்.”

சல்லடை அவரை நிமிர்ந்து பார்த்தாள். பால்காரன் முதல் புருஷன் வரை ஒருத்தரை விடாமல் சந்தேகப்பட்டவள். தன்னை ஒருவர் இப்படிச் சந்தேகப்பட முடியும் என்று அவளுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. அவள் செய்ததற்கு அந்தச் சந்தேகம் நியாயமாகவும் இருந்தது. அதுதான் சுட்டது.

“அப்படி நினைச்சும் ஏன் தம்பி, சார்கிட்ட சொல்லல?”

“சொன்னா உங்க வேலை போயிடும். அப்புறம் நான் எந்த மூஞ்சியோட வீட்டுக்குள்ள போறது? இவளுக்கு நீங்கதானே அம்மா மாதிரி.” பஸ் வருகிறதா என்று அவர் தெருவைப் பார்த்தார். “குச்சி விஷயத்தை மட்டும் சொல்லுங்க, போதும். பொடி எப்படி மாறுச்சுன்னு யாருக்கும் தெரிய வேண்டாம். சாமான் அறையில ஏதோ பாட்டில் மாறிப்போச்சுன்னு இருக்கட்டும்.”

வழி திறந்துதான் இருந்தது. அவர் வாயைத் திறக்கமாட்டார் என்பதில் அவளுக்குத் துளிச் சந்தேகம்கூட இல்லை. அப்படி ஒன்றில் சந்தேகமே வராமல் இருந்தது அவளுக்குப் புதுசாகவும் கூச்சமாகவும் இருந்தது.

காலையில் இயக்குநர் வருவதற்கு முன்பே அவர் அறை வாசலில் நின்றாள். மஞ்சளாகிப்போன அமிலத்தையும் தகடுகளையும் மேசைமேல் வைத்து, கிளறுகுச்சிக் கதையைச் சொன்னாள். இயக்குநர் தலையில் கை வைத்துக்கொண்டார். அமிலத் தொட்டியை மூடியதைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டார். அவள் எழுந்து போயிருக்கலாம். போகவில்லை.

“பாட்டில்ல வெறும் பொடியைப் போட்டது நான்தான் சார். அன்னிக்கு உங்ககிட்ட மறைச்சிட்டேன்.”

இயக்குநர் அவளை வேலையை விட்டு அனுப்பவில்லை. அது அவள் இத்தனை வருஷம் சம்பாதித்த மரியாதைக்காகவா, குழுவுக்கு முன் அமிலத் தொட்டிப் பேச்சு வரக் கூடாது என்பதற்காகவா என்று அவளுக்கு இன்றுவரை சந்தேகம்தான். ஆனால் சரிபார்க்கும் பொறுப்பு அவளிடமிருந்து போயிற்று. பழைய எண்ணெய்த் தொட்டி இருந்த மூலை மேசைக்கு அவளை மாற்றினார்கள். பொதுப் பெட்டியை அவளே தூக்கிக்கொண்டு போய்க் குப்பையில் கொட்டினாள். தங்கையிடமும் பொடியைப் பற்றித் தன் வாயால் சொன்னாள். தங்கை அவளை உள்ளே வரச் சொன்னாள், டீ கொடுத்தாள், பக்கத்தில் உட்காரவில்லை. எழுந்து சமையலறைக்குள் போய், கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள். அது ஆற நாள் பிடித்தது.

சின்ன மாப்பிள்ளை வேலைக்குத் திரும்பி வந்தார். ஆளாளுக்குத் தனிக் கிளறுகுச்சி வந்தது. அமிலத் தொட்டியும் சத்தமில்லாமல் திரும்பி வந்தது. அவர் பொடி இப்போது எல்லாப் பொடியையும் போல ஒவ்வொரு தடவைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வலு குறைந்தது. நல்ல பொடிதான், அதிசயப் பொடி இல்லை. வெளியிடங்களுக்குச் சொல்லிவிட்ட பெருமையை இயக்குநர் ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்க வேண்டியிருந்தது. சின்ன மாப்பிள்ளை விளைச்சல் குறைந்ததைக் கண்டு சோர்ந்துதான் போனார், மறைக்கவில்லை.

ஒரு மாலை, வீட்டுக்குக் கிளம்பும்போது அவர் சல்லடையின் மூலை மேசைக்கு வந்தார். கறுப்புப் பொடி பாட்டிலை அவள் முன்னால் வைத்தார். நாளைக் காலை கண் டாக்டரிடம் போகிறாராம், தங்கையும் கூட வருகிறாளாம், வரத் தாமதமாகும். அதுவரை இதை வைத்துக்கொள்ளச் சொன்னார். அலமாரியில் பூட்டி வைக்கலாமே என்று அவள் கேட்டாள். உங்களிடமே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவள் பாட்டிலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இதை இப்படியே மேசைக்குள் வைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறவள்தான் இனிமேல் நான் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். விளக்கை அணைத்தாள். வாசல்வரை போனாள். திரும்பி வந்தாள். விளக்கைப் போட்டு, பாட்டிலை எடுத்துப் போய்த் தராசில் வைத்து எடை பார்த்தாள். பார்த்துவிட்டுத் தன்மேலேயே அவளுக்கு வந்த ஆத்திரத்தில் மூடியை வழக்கத்தைவிட இறுக்கிவிட்டாள்.

மறுநாள் அவர் வந்தபோது கண்ணில் மருந்து விட்டு மங்கலாக இருந்தது. பாட்டிலை வாங்கித் திருகினார், முடியவில்லை, துணியைத் தேடினார்.

“எடை சரியா இருந்துச்சாக்கா?”

அவளுக்கு முகம் சுண்டிப்போயிற்று. பொய் சொல்ல நினைத்து, விட்டுவிட்டாள்.

“பார்த்தேன் தம்பி.”

“எவ்வளவு?”

சொன்னாள். அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவால் எழுதிய ஒரு துண்டுச் சீட்டை எடுத்து விரித்துக் காட்டினார்.

“நானும் போட்டுப் பார்த்துட்டுத்தான் உங்ககிட்ட குடுத்தேன்” என்றார்.

சீட்டில் இருந்த எண்ணும் அவள் சொன்ன எண்ணும் ஒன்றாகவே இருந்தன. அவள் துணியை எடுத்து மூடியில் சுற்றி, பாட்டிலைத் திறந்து அவரிடம் கொடுத்தாள்.